நெல்லை அரசுக்குத்தான் விற்க வேண்டுமா? கடலூர் பக்கத்து விவசாயிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சம்பா அறுவடை நெருங்கும்போது சிதம்பரம், காட்டுமன்னார்கோயில், புவனகிரி, சேத்தியாத்தோப்பு பக்கங்களில் கொஞ்சம் சட்டக் கேள்விகளும் கிளம்பிவிடும். லெவி நெல் (அரசுக்குக் கட்டாயமாகக் கொடுக்க வேண்டிய நெல்) அளந்த காலத்தைப் பார்த்த பெரியவர்கள் ஒன்று சொல்வார்கள், கைபேசியில் வந்த செய்தி வேறொன்று சொல்லும். இரண்டுக்கும் நடுவில் சட்டம் என்ன சொல்கிறது என்பதே இந்தப் பக்கம். இங்கே இருப்பது பொதுவான சட்ட நிலை. கையில் நோட்டீஸ் வந்திருந்தால் அதை எடுத்துக்கொண்டு வழக்கறிஞரைப் பாருங்கள்.

இன்றைய தேதிக்கு என் நெல்லை அரசுக்கு விற்றே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறதா?

இல்லை. நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோகலாம், விருத்தாசலம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் ஏலத்துக்கு வைக்கலாம், களத்துக்கே வரும் வியாபாரியிடம் போடலாம், அரிசி ஆலைக்கு நேராக ஏற்றலாம். விற்காமல் வீட்டில் அடுக்கியும் வைக்கலாம். யாரும் கேட்க முடியாது.

ஆனால் "அரசால் இனிமேல் கட்டாயப்படுத்தவே முடியாது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கட்டாயப்படுத்தும் ஆணை இப்போது நடப்பில் இல்லை, அவ்வளவுதான். ஆணை போடும் அதிகாரம் சட்டப் புத்தகத்தில் ஒரு வரிகூடக் குறையாமல் இருக்கிறது.

அந்த அதிகாரம் எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

அத்தியாவசியப் பொருட்கள் சட்டம், 1955. பிரிவு 3(2)(எஃப்) படித்துப் பார்த்தால் அதன் வீச்சு தெரியும். இருப்பு வைத்திருப்பவர், விளைவிப்பவர், வாங்கி விற்பவர் ஆகிய மூவரில் யாரையும், கையில் உள்ள சரக்கு முழுவதையுமோ குறிப்பிட்ட ஒரு பங்கையோ அரசுக்கு விற்கும்படி ஆணையிடலாம். அரசு நேரில் வாங்க வேண்டும் என்பதில்லை. அதன் அதிகாரி, முகவர், அரசுக்குச் சொந்தமான கழகம் என யாரை ஆணை குறிப்பிடுகிறதோ அவருக்கு விற்க வேண்டும். இனிமேல் விளையப் போகும் நெல்லுக்கும் முன்கூட்டியே ஆணை போடலாம். நாற்று விட்டிருக்கும்போதே "அறுத்ததும் இத்தனை பங்கு எங்களுக்கு" என்று சொல்ல அந்தப் பிரிவு இடம் கொடுக்கிறது.

இது மத்தியச் சட்டம். பிரிவு 5-இன் கீழ் மத்திய அரசு தன் அதிகாரத்தை மாநிலங்களுக்கு ஒப்படைக்கலாம். உணவுப் பொருள்கள் விஷயத்தில் 1978-இல் அப்படி ஒப்படைத்தது. சில வகை ஆணைகளுக்கு மத்திய அரசின் முன் இசைவும் வேண்டும்.

விளைபொருள் மாநில விஷயம் அல்லவா? மத்திய அரசு எப்படி உள்ளே வந்தது?

வேளாண்மை மாநிலப் பட்டியலில்தான் இருக்கிறது. உணவுப் பொருளின் வணிகமும் வழங்கலும் அப்படி இல்லை. அரசியலமைப்பு வந்தபோது பிரிவு 369 இந்த விஷயத்தில் நாடாளுமன்றத்துக்கு ஐந்து ஆண்டுகளுக்கு மட்டும் தற்காலிக அதிகாரம் கொடுத்தது. கெடு முடியப்போகும் நேரத்தில், 1954-இல், மூன்றாவது திருத்தம் வந்து, மத்திய அரசும் மாநிலமும் சட்டம் போடக்கூடிய பொதுப் பட்டியலின் 33-ஆம் பதிவை விரித்தது. உணவுப் பொருள் நிரந்தரமாக அங்கே உட்கார்ந்துகொண்டது. அடுத்த ஆண்டே 1955 சட்டம் வந்தது.

தாத்தா காலத்து "லெவி" என்பது இதுதானா?

அதன் வேர் இன்னும் பழையது. இரண்டாம் உலகப் போரின்போது இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் உணவுக் கட்டுப்பாடு வந்தது. 1943 வங்கப் பஞ்சத்தின்போது, நகரங்களுக்குப் பங்கீடு, கிராமங்களில் கொள்முதல் என்ற ஏற்பாடு நாடு முழுக்கப் பரவியது. போர் முடிந்தபின் 1946-இன் தற்காலிகச் சட்டம் அதைத் தாங்கிப் பிடித்தது. சென்னை மாகாணத்தில் 1952-இல் ராஜாஜி முதலமைச்சராக வந்து உணவுக் கட்டுப்பாட்டை எடுத்தார்.

இன்று உயிரோடிருக்கும் பெரியவர்கள் சொல்லும் லெவி பெரும்பாலும் இரண்டாவது சுற்று. 1960-களின் நடுவில் தட்டுப்பாடு வந்தபோது 1955 சட்டத்தின் கீழ் நெல், அரிசி இருப்பை அறிவிக்கவும் அரசு கேட்டால் ஒப்படைக்கவும் 1966-இல் இங்கே ஆணை வந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான், 1965-இல், இந்திய உணவுக் கழகம் தன் முதல் மாவட்ட அலுவலகத்தைத் தஞ்சாவூரில் திறந்திருந்தது. தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் 1972-இல் வந்தது. குதிரில் கிடக்கும் நெல்லைக் கணக்கெடுக்க ஆள் வருகிறார் என்றால் ஊரே பேசிக்கொண்ட காலம் அது. கர்ணம் எழுதும் கணக்கு ஒரு வீட்டின் ஆண்டுச் சாப்பாட்டைத் தீர்மானித்தது என்று அந்தத் தலைமுறை சொல்வதில் மிகை இருக்கலாம், அச்சம் உண்மைதான்.

கட்டாயக் கொள்முதல் வந்தால் சின்ன விவசாயிக்கும் பெரிய பண்ணைக்கும் ஒரே அளவா?

அப்படி இருக்க வேண்டியதில்லை. பிரிவு 3(2)(எஃப்)-இன் கீழ் ஒரு விளக்கம் உண்டு. ஒரு பகுதியின் மதிப்பிடப்பட்ட விளைச்சலைக் கணக்கில் எடுத்து, விவசாயி எவ்வளவு விற்க வேண்டும் என்று ஆணை நிர்ணயிக்கலாம். நிலப்பரப்பு ஏற ஏற அளவும் ஏறும்படி படிநிலை வைக்கலாம். சொந்த நிலத்தோடு சாகுபடியில் உள்ள நிலத்தையும் சேர்த்துப் பார்க்கலாம்.

குத்தகை விவசாயிகள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். பட்டா யார் பெயரில் இருந்தாலும் பொறுப்பு உழுபவர் தலையில் விழ வாய்ப்பு உண்டு. வி.ஏ.ஓ. அடங்கலில் (பயிர்ப் பதிவேட்டில்) சாகுபடியாளர் பெயர் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது லெவி இல்லாத காலத்திலும் நல்லதுதான்.

கட்டாயமாக வாங்கினால் என்ன விலை தருவார்கள்? சந்தை விலையா?

இந்தக் கேள்விக்குள்தான் மொத்த விஷயமும் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

பொதுவான அத்தியாவசியப் பொருளுக்குப் பிரிவு 3(3) பொருந்தும். கட்டுப்பாட்டு விலை இருந்தால் அதற்கு ஒத்துவரும்படி இரு தரப்பும் பேசி முடிவு செய்யும் விலை. பேச்சு படியாவிட்டால் கட்டுப்பாட்டு விலை. இரண்டும் இல்லாவிட்டால் அந்த வட்டாரத்தில் அன்றைய சந்தை விலை. படிக்க நியாயமாகத்தான் இருக்கிறது.

நெல்லுக்கு இது பொருந்தாது. உணவு தானியம், சமையல் எண்ணெய், எண்ணெய் வித்து ஆகியவற்றை அரசுக்கே விற்க ஆணையிட்டால் 3(3பி) வந்துவிடும். அதன்படி தர வேண்டியது "கொள்முதல் விலை". மத்திய அரசின் முன் ஒப்புதலோடு மாநில அரசு அதை அறிவிக்கும். எதையெல்லாம் கருதி அறிவிக்க வேண்டும் என்று சட்டமே நான்கு விஷயம் சொல்கிறது: கட்டுப்பாட்டு விலை இருந்தால் அது, பொதுவான விளைச்சல் நிலவரம், நுகர்வோருக்கு, குறிப்பாக நலிந்த பிரிவினருக்கு, நியாய விலையில் கிடைக்க வேண்டிய தேவை, வேளாண் விலைக் குழுவின் பரிந்துரை இருந்தால் அது.

பட்டியலைத் திரும்பப் படியுங்கள். வாங்கிச் சாப்பிடுபவர் பெயர் சொல்லி இருக்கிறார். விளைவிப்பவரின் சாகுபடிச் செலவு பெயர் சொல்லி இல்லை. விலைக் குழுவின் பரிந்துரை வழியாகத்தான் அது உள்ளே வர முடியும். ரேஷன் கடையை மனதில் வைத்து எழுதிய பிரிவு இது, நெல் களத்தை மனதில் வைத்து எழுதியதில்லை என்பது என் கருத்து.

அப்படியென்றால் குறைந்தபட்ச ஆதார விலை எனக்குச் சட்ட உரிமை இல்லையா?

இல்லை. ஆதார விலை மத்திய அரசு ஆண்டுதோறும் எடுக்கும் கொள்கை முடிவு. வேளாண் செலவுகள் மற்றும் விலைகள் ஆணையம் பரிந்துரைக்கும், அமைச்சரவை ஒப்புக்கொள்ளும். 2025-26 பருவத்துக்குச் சாதாரண ரகம் குவிண்டாலுக்கு 2,369 ரூபாய், சன்ன ரகம் 2,389 ரூபாய். தமிழ்நாடு அரசு அந்தப் பருவத்தில் அதன்மேல் ஊக்கத்தொகை போட்டு 2,500 என்றும் 2,545 என்றும் கொடுத்தது. இதற்குக் கீழே வியாபாரி வாங்கினால் குற்றம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

ஒரு முரண் இருக்கிறது, கவனியுங்கள். அரசு உங்களைக் கட்டாயப்படுத்தினால் 3(3பி) விலையைக் கேட்டு வாங்குவது சட்ட உரிமை. நீங்களாக மனம் உவந்து விற்கப் போனால் அரசு வாங்கியே ஆக வேண்டும் என்பதற்குச் சட்ட உரிமை கிடையாது. அன்று நெல்லைப் பிடுங்குகிறார்களே என்று புலம்பினார்கள். இன்று எடுக்க மாட்டேன் என்கிறார்களே என்று சாலையில் மூட்டையைப் போட்டு மறியல் செய்கிறோம். சட்டம் அன்றைய புலம்பலுக்கு ஒரு பிரிவு வைத்திருக்கிறது. இன்றைய புலம்பலுக்கு இன்னும் வைக்கவில்லை.

கட்டாயத்தின் பேரில் கொடுப்பதை "விற்பனை" என்று சொல்ல முடியுமா?

நீதிமன்றங்கள் இதில் இரண்டு பக்கமும் பேசியிருக்கின்றன. உத்தரப் பிரதேசத்தின் கோதுமை லெவி ஆணை பற்றிய சித்தர் மல் வழக்கில் 1970-இல் உச்ச நீதிமன்றம், சம்மதம் இல்லாத இடத்தில் விற்பனை இல்லை, ஆகவே விற்பனை வரியும் இல்லை என்றது. 1977 டிசம்பரில் விஷ்ணு ஏஜென்சீஸ் வழக்கில் ஏழு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. சட்டம் சுதந்திரத்தைக் குறுக்கினாலும் கொஞ்சம் இடம் மிச்சமிருந்தால் அது விற்பனைதான் என்றது. விவசாயிக்கு இதில் நேரடிப் பாதிப்பு குறைவு. வழக்காடியவர்கள் வணிகர்களும் வரித்துறையும்.

"கொள்ளிடத்துக்கு இந்தப் பக்கம் நெல்லைக் கொண்டுவர விடமாட்டார்கள்" என்று அப்பா சொல்வார். உண்மையா?

ஏறக்குறைய உண்மை, ஆனால் எல்லைக் கோடு கொள்ளிடத்தில் இல்லை. தமிழ்நாடு நெல் இடப்பெயர்வுக் கட்டுப்பாட்டு ஆணை, 1982 என்று ஒன்று இருந்தது. அதன் கீழ் போட்ட தடையின்படி டெல்டா பகுதியிலிருந்து நெல் வெளியே போகக் கூடாது. டெல்டா என்றால் தஞ்சாவூர் மாவட்டம் (அப்போது திருவாரூர், நாகப்பட்டினம் எல்லாம் அதற்குள்), திருச்சி மாவட்டத்தின் சில வட்டங்கள், அப்புறம் அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தின் சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் வட்டங்கள். அதாவது நம்முடைய இரண்டு வட்டங்களும் வேலிக்குள்ளே இருந்தன. விருத்தாசலம், பண்ருட்டி வேலிக்கு வெளியே.

விற்கச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லையே என்று தோன்றும். ஆனால் வெளியூர் வியாபாரி உள்ளே வந்து வாங்கிப் போக முடியாதென்றால் உள்ளூரில் வாங்கும் பெரிய கை அரசுடையதுதான். கதவைச் சாத்திவிட்டு "விருப்பம் போல விற்றுக்கொள்" என்பது போலத்தான். கே. ராமநாதன் எதிர் தமிழ்நாடு அரசு என்ற வழக்கில், "ஒழுங்குபடுத்த" மட்டும் அதிகாரம் பெற்ற மாநில அரசு "தடுக்க" முடியுமா என்று வாதிட்டார்கள். முடியும் என்று 1985-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒழுங்குபடுத்துவதற்குள் சூழ்நிலையைப் பொறுத்துத் தடையும் அடங்கும், பொது வினியோகத்துக்கு நெல் சேர்க்கும் நோக்கம் நியாயமானது என்பது தீர்ப்பின் சாரம்.

இப்போது பாகூர் பக்கத்து ஆலைக்கோ புதுச்சேரிக்கோ நெல் ஏற்றிப் போகலாமா?

போகலாம். 2002-இல் மத்திய அரசு நெல், அரிசி, கோதுமை உள்ளிட்ட பொருள்களுக்கு உரிமம், இருப்பு வரம்பு, இடப்பெயர்வுக் கட்டுப்பாடு மூன்றையும் நீக்கி ஆணை போட்டது. 2016-இல் அதற்குப் பதிலாகப் புது ஆணை வந்தது. கடலூரும் புதுச்சேரியும் பின்னிக் கிடக்கிற விதத்தில், ஒரு வரப்பு தமிழ்நாடு, அடுத்த வரப்பு யூனியன் பிரதேசம். சொந்த நெல்லைக் கொண்டுபோக அனுமதிச் சீட்டு எதுவும் தேவைப்படுவதில்லை. சிட்டா, அடங்கல் நகல் ஒன்று வண்டியில் இருந்தால் வழியில் பேச்சு சீக்கிரம் முடியும். ரேஷன் அரிசிக் கடத்தலைப் பிடிக்க நிற்பவர்கள் அரிசி மூட்டையை நிறுத்திப் பார்ப்பார்கள். அது வேறு விஷயம்.

இதன் மறுபக்கமும் உண்டு. தமிழ்நாட்டு ஊக்கத்தொகை தமிழ்நாட்டு விவசாயிக்கு. எல்லைக்கு அந்தப் பக்கம் விளைந்த நெல்லை இந்தப் பக்க நிலையத்தில் போட முடியாது.

வீட்டில் நெல் அடுக்கி வைத்தால் பதுக்கல் ஆகுமா?

சொந்த விளைச்சலை வைத்திருக்கும் விவசாயிக்கு இப்போது வரம்பு எதுவும் இல்லை. 2024 பிப்ரவரியில் நெல், அரிசி இருப்பை வாரம்தோறும் இணையத்தில் அறிவிக்கச் சொல்லி மத்திய அரசு ஆணை போட்டபோதுகூட அது வணிகர்களுக்கும் ஆலைகளுக்கும்தான்.

ஆணையை மீறினால் நெல்லைப் பறிமுதல் செய்வார்களா?

பிரிவு 6ஏ கைப்பற்றிய பொருளைப் பறிமுதல் செய்ய ஆட்சியருக்கு அதிகாரம் கொடுக்கிறது. ஆனால் அதே பிரிவில் ஒரு வரம்பு உண்டு, பலருக்குத் தெரியாது. விவசாயியிடமிருந்து கைப்பற்றிய உணவு தானியமோ எண்ணெய் வித்தோ அவரே விளைவித்ததாக இருந்தால் இந்தப் பிரிவின் கீழ் பறிமுதல் செய்யக் கூடாது. வழக்குப் போடலாம், பறிமுதல் கூடாது. அவரே விளைவித்தது என்று காட்ட அடங்கல் வேண்டும். திரும்பத் திரும்ப அடங்கலுக்கு வருகிறேன் என்றால் காரணம் இதுதான்.

மற்றவர்கள் விஷயத்திலும் எடுத்தோம் கவிழ்த்தோம் என்று செய்ய முடியாது. 6பி-யின்படி எழுத்தில் காரணம் சொல்லி நோட்டீஸ் தர வேண்டும், பதில் சொல்லவும் நேரில் விளக்கவும் வாய்ப்புத் தர வேண்டும். உத்தரவு வந்தால் ஒரு மாதத்துக்குள் மேல்முறையீடு. அதில் வென்றால் பொருள் திரும்ப வர வேண்டும். விற்றுவிட்டிருந்தால் விலையும் நியாயமான வட்டியும்.

தண்டனையைப் பொறுத்தவரை, பிரிவு 7-இன் கீழ் பெரும்பாலான மீறல்களுக்கு மூன்று மாதத்துக்குக் குறையாமல் ஏழு ஆண்டு வரை சிறையும் அபராதமும். தக்க காரணம் எழுதி நீதிமன்றம் மூன்று மாதத்துக்குக் கீழும் தரலாம்.

அரிசி ஆலைக்காரர் "எங்களுக்கும் லெவி இருந்தது" என்கிறாரே?

இருந்தது. அரைத்த அரிசியில் ஒரு பங்கை அரசு சொல்லும் விலைக்கு ஆலைகள் கொடுக்க வேண்டியிருந்தது. 2014-15 பருவத்தில் மத்திய அரசு அதை 25 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று வைத்தது. 2015 அக்டோபர் 1 முதல் முற்றிலும் எடுத்துவிட்டது.

2020-இல் வந்த வேளாண் சட்டங்கள் இந்த அதிகாரத்தை எடுத்துவிட்டனவா?

எடுக்கவில்லை. அந்த மூன்றில் ஒன்று 1955 சட்டத்தில் 3(1ஏ) என்ற உட்பிரிவைச் சேர்த்தது. போர், பஞ்சம், கடும் விலையேற்றம், பெரும் இயற்கைச் சீற்றம் போன்ற நேரங்களில்தான் தானியத்தைக் கட்டுப்படுத்தலாம் என்பது அதன் சாரம். 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது, ஆண்டு இறுதியில் நாடாளுமன்றம் திரும்பப் பெற்றது. ஆக, 1955 சட்டம் பழையபடி. அந்தச் சட்டங்களை எதிர்த்தவர்கள் பலருக்கு அவற்றோடு சேர்ந்து இந்தத் தடுப்பும் போய்விட்டது என்பது நினைவில் இருக்குமா தெரியவில்லை. எதிர்ப்புக்கு வேறு வலுவான காரணங்கள் இருந்தன என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலத்தில் இருந்தால் அரசுக்குத்தான் விற்க வேண்டுமா?

வேண்டாம். 2020-இன் அந்த மாநிலச் சட்டத்தில் கடலூர் மாவட்டத்தின் காட்டுமன்னார்கோயில், மேல்புவனகிரி, கீரப்பாளையம், பரங்கிப்பேட்டை, குமராட்சி ஒன்றியங்கள் உள்ளன. நிலத்தில் சில வகைத் தொழில்கள் வருவதைத்தான் அது தடுக்கிறது. விளைந்ததை யாருக்கு விற்பது என்பதில் தலையிடவில்லை.

உரத்துக்குக் கடன் கொடுத்த வியாபாரி "எனக்குத்தான் போட வேண்டும்" என்கிறார். இதுவும் கட்டாய விற்பனைதானே?

வாழ்க்கையில் ஆமாம், சட்டத்தில் இல்லை. அது உங்களுக்கும் அவருக்கும் இடையிலான ஒப்பந்தம். மீறினால் பணத்துக்கு வழக்குப் போடலாம். ஆள் வைத்து உங்கள் களத்திலிருந்து மூட்டையை ஏற்றிக்கொண்டு போக அவருக்கு உரிமை இல்லை. அப்படிச் செய்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். வட்டி கொடுமையாக இருந்தால் 2003-இன் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது.

கடன் பாக்கிக்காக நீதிமன்றம் நெல்லை ஜப்தி செய்து விற்கலாமா?

செய்யலாம். நிற்கும் பயிரைக்கூட ஜப்தி செய்யலாம். ஆனால் உரிமையியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 60, விவசாயியின் கலப்பை போன்ற கருவிகள், பிழைப்புக்குத் தேவை என்று நீதிமன்றம் கருதும் மாடு, விதை தானியம் ஆகியவற்றை விட்டுவிடச் சொல்கிறது. விதை நெல்லைத் தனியாகக் கட்டி வையுங்கள். விற்பனை நெல்லோடு கலந்து கிடந்தால் எது விதை என்று அமீனாவுக்குச் சொல்லிப் புரிய வைப்பது கஷ்டம்.

கரும்புக்கும் இதே நிலைதானா?

கரும்புக்குக் கட்டு இன்னும் இருக்கிறது. கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை, 1966-இன் கீழ் ஒரு பகுதியை ஓர் ஆலைக்கு ஒதுக்கலாம். பதிலுக்கு 14 நாளில் பணம் தர வேண்டும், தாமதித்தால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி என்று ஆலைக்கும் கடமை எழுதியிருக்கிறது. நெல்லுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கரும்பு விவசாயிக்குக் காகிதத்திலாவது பிடி இருக்கிறது. காகிதத்தில் இருக்கும் பணம் எப்போது கைக்கு வருகிறது என்பது தனிக் கதை.

கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் அதிகம் என்று திருப்பி அனுப்பினால்?

17 சதவீதம் என்பது மத்திய அரசின் தர வரையறை. மழைக் காலத்தில் மாநிலம் கேட்டு மத்திய அரசு தளர்த்தினால்தான் அதற்கு மேல் எடுக்க முடியும். நிலைய எழுத்தருக்குத் தன்னிச்சையாகத் தளர்த்தும் அதிகாரம் இல்லை. ஆனால் உங்கள் கண் முன்னால் மீட்டரில் அளந்து காட்டச் சொல்லிக் கேளுங்கள். எடை குறைப்பு, மூட்டைக்குக் கையூட்டு போன்ற புகார்களைத் தேதி, நிலையம், மூட்டை எண்ணிக்கையோடு எழுத்தில் நுகர்பொருள் வாணிபக் கழக மண்டல மேலாளருக்கும் ஆட்சியரின் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கும் கொடுங்கள்.

நாளைக்கே ஓர் அதிகாரி வந்து "உங்கள் நெல்லை எடுத்துக்கொள்ள ஆணை இருக்கிறது" என்றால் என்ன கேட்க வேண்டும்?

ஆணையின் நகலைக் கேளுங்கள். பொதுவான ஆணை என்றால் அது அரசிதழில் வெளியாகியிருக்க வேண்டும். எண்ணும் தேதியும் இருக்கும். உங்கள் ஒருவருக்கென்று போட்ட ஆணை என்றால் அதை உங்களிடமே சார்வு செய்ய (முறைப்படி சேர்ப்பிக்க) வேண்டும் என்று பிரிவு 3(5) சொல்கிறது. எந்தப் பிரிவின் கீழ், எவ்வளவு, என்ன விலைக்கு, யாருக்கு என்ற நான்கும் எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். எடுத்துப் போனால் ரகம், எடை, மூட்டை எண்ணிக்கை எழுதிய ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். ஆணை உண்மையாகவே இருந்தால் வழியில் நின்று தடுக்காதீர்கள்; எதிர்ப்பை எழுதிக் கொடுத்துவிட்டு உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை (ரிட்) கேட்கலாம். வாய்மொழியாக மட்டும் சொன்னால், எழுத்தில் கொண்டுவரச் சொல்லி மரியாதையாக அனுப்பிவிடலாம்.